கிருமிக்கு நற்சாட்சிப் பத்திரம்

இப்போதெல்லாம் கிருமிகளுக்கும் நற்சாட்சிப் பத்திரம் வழங்க ஆரம்பித்துவிட்டார்கள். இது நல்ல கிருமி, இது கெட்ட கிருமி என்று முத்திரை குத்தி, நல்லதைப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். கெட்டதைக் கொல்வதற்கு வேறொரு புட்டி விற்கிறார்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். முதலில் கை கழுவும் திரவம் வரும். கிருமிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதே முக்காலே மூணுவீசம் ஒழிந்ததாக ஒரு அம்மாள் பல்லைக் காட்டிச் சிரிப்பாள். அது மறைந்த கையோடு தயிர்ப் பானம் வரும்; ஒவ்வொரு புட்டியிலும் கோடிக்கணக்கான 'நண்பர்கள்' நீந்துவதாக அதே அம்மாள், வேறு சேலையில், அதே சிரிப்பைச் சிரிப்பாள். ஒரே வீட்டில், ஒரே சம்பளத்தில், இரண்டையும் வாங்குகிறார்கள்.

வியாபாரிகள் எதையாவது விற்றுவிட்டுப் போகட்டும். அதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. இந்த இரண்டு புட்டிகளும் சேர்ந்து நம் தலையில் ஏற்றி வைக்கிற ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதன் மேல்தான் என் வழக்கு. கிருமிக்குப் பிறவிக் குணம் ஒன்று உண்டு. நல்லது எங்கே போனாலும் நல்லது, கெட்டது எங்கே இருந்தாலும் கெட்டது என்கிற நம்பிக்கை. இது பொய். அதுவும் ஆளைக் கொல்கிற பொய். நமக்கு வருகிற வியாதிகளில் ஒரு பங்கு, வெளியிலிருந்து படையெடுத்து வந்த எதிரியால் வருவதில்லை. நம் உடம்பிலேயே குடியேறி, நாம் தின்றதில் பங்கு தின்று, நம்மோடு கூடவே வளர்ந்த கிருமிகளால் வருகிறது. அவை ஏன் திடீரென்று அப்படி மாறின என்று கேட்டுப் பார்த்தால், சுட்டுவிரல் கிருமியின் பக்கம் நிற்காது. நம் பக்கம் திரும்பிவிடும். அதனாலேயே அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு மனம் வருவதில்லை.

நம் உடம்பைத் தனி வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது பெரிய ஒண்டுக்குடித்தனம். 1683-ம் ஆண்டில் ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி ஆண்டனி வான் லீவன்ஹூக், தாமே செய்த கண்ணாடி வில்லையின் கீழே தம் பல்லிடுக்கு அழுக்கை வைத்துப் பார்த்தார். அதில் துள்ளித் திரிந்த ஜந்துக்களின் எண்ணிக்கை தம் நாட்டு ஜனத்தொகைக்கும் மேலே என்று லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். 200 ஆண்டுகளுக்குப் பிறகு, 1885-ல், ஜெர்மனியில் தியோடர் எஷரிக் என்ற குழந்தை வைத்தியர், பச்சிளங் குழந்தைகளின் மலத்தில் ஒரு கிருமியைக் கண்டு எழுதிவைத்தார். இன்று அவர் பெயரையே சுமந்துகொண்டிருக்கும் ஈ.கோலி அதுதான். 2016-ல் விஞ்ஞானிகள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். சராசரி மனிதனின் உடம்பில் அவனுடைய சொந்த உயிரணுக்கள் 30 லட்சம் கோடி. பாக்டீரியாக்கள் 38 லட்சம் கோடி. அவ்வளவையும் திரட்டி எடைபோட்டால் சுமார் 200 கிராம். மனித உயிரணுக்களைப்போல் பத்து மடங்கு கிருமிகள் என்று மேடைக்கு மேடை முழங்கிவந்தது வெறும் மிகை. போகட்டும், 200 கிராமும் லேசான விஷயமில்லை.

அந்த ஈ.கோலியையே எடுத்துக்கொள்வோம். பெருங்குடலில் இருக்கும்வரை அது சாது. நம் குடலில் உள்ள கிருமிகள் கொஞ்சம் வைட்டமின் 'கே' கூடத் தயாரித்துத் தருகின்றன. அதிலும் இதற்குப் பங்கு உண்டு. அதே கிருமி சில விரற்கடை தூரம் நகர்ந்து சிறுநீர்ப் பாதைக்குள் புகுந்தால் எரிச்சல், குளிர் ஜுரம்; சிறுநீரகம்வரை ஏறினால் படுக்கை; ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. சிறுநீர்ப் பாதையில் வரும் தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கிருமிதான் காரணம். சில ரகங்களுக்குப் பற்றிக்கொண்டு ஏறுவதற்கு வாகான கொக்கிகள் உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் அந்த ரகமும் நேற்றுவரை குடலில் சும்மா கிடந்ததுதானே? நற்சாட்சிப் பத்திரம் எழுதுகிற கனவான்கள் இதற்கு என்ன எழுதுவார்கள்? காலையில் நல்லவன், மாலையில் கெட்டவன் என்றா?

பெண்களுக்கு அந்தப் பாதை குட்டையானது. கிருமிக்கு வழி கிட்டம். அதற்கு உடம்பு வைத்திருக்கிற எளிய காவல், அவ்வப்போது வெளியேறும் சிறுநீரே. ஏறிவருகிற கிருமியை அது அடித்துக்கொண்டு போய்விடும். இப்போது நம் ஊர் ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவுவரை நிற்கிற பெண்களை நினைத்துப் பாருங்கள். கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார ஆசனம் கொடுக்கவேண்டும் என்று சொல்வதற்கே தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்த இடத்தில், ஒதுங்குவதற்கு எத்தனை தடவை அனுமதி கிடைத்திருக்கும்? அடிக்கடி போகவேண்டி வருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண் ஜுரத்தில் விழுந்தால், பரிசோதனைச் சீட்டில் குற்றவாளியின் பெயர் 'ஈ.கோலி' என்று அச்சாகி வரும். மானேஜரின் பெயர் அதில் வராது.

வாய்க்கு வாருங்கள். லீவன்ஹூக் பார்த்த அதே பல்லிடுக்கில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள் சில நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. ஈறு புண்ணாகி ரத்தம் கசியும்போது அவை ரத்தத்தில் இறங்கும். திடமான இதயம் உள்ளவனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இளம் வயதில் கீல்வாத ஜுரம் வந்து, இதய வால்வு வடுப்பட்டுப்போனவன் இருக்கிறானே, அவனுக்கு அந்த வடுவே கிருமிக்குத் திண்ணை. அங்கே ஒட்டிக்கொண்டு பெருகி, வால்வையே அரித்துவிடும். இந்தக் கீல்வாத ஜுரம் யாருக்கு வருகிறது? நெருக்கடியான வீட்டில் வளர்ந்து, தொண்டைப் புண் வந்தபோது தக்க வைத்தியம் கிடைக்காத ஏழைப் பிள்ளைக்கு. அந்தத் தொண்டைப் புண்ணுக்குச் சரியான நேரத்தில் கொடுத்திருக்கவேண்டிய மருந்து பெனிசிலின், மலிவானது, பழையது. தேவைப்பட்ட பிள்ளைக்கு அந்த மலிவு மருந்து போய்ச் சேருவதில்லை. தேவைப்படாத ஜலதோஷக்காரனுக்கு விலை உயர்ந்த மருந்து வீடு தேடி வருகிறது. இந்த அநியாயத்தில் பல்லிடுக்குக் கிருமியின் பங்கு எவ்வளவு, நம்முடைய பங்கு எவ்வளவு என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

எதிரி வெளியே இருக்கிறான் என்ற எண்ணம் நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் ஒரு பெரிய வெற்றி இருக்கிறது. 1882-ல் ராபர்ட் காக் க்ஷயரோகக் கிருமியைப் பிடித்துக் காட்டினார். 1884-ல் நம் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதி செய்தார். ஒரு வியாதிக்கு ஒரு கிருமி. அது நோயாளியிடம் இருக்கவேண்டும், ஆரோக்கியமானவனிடம் இருக்கக் கூடாது என்று விதி வகுத்தார்கள். எத்தனையோ லட்சம் உயிர்களைக் காப்பாற்றிய விதி அது. அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் காலராக் கிருமியை வயிற்றில் வைத்துக்கொண்டு திடகாத்திரமாக நடமாடுகிற ஆட்களைக் கண்டதும், விதியின் அந்தப் பாதியைக் காக் தாமே கைவிட்டுவிட்டார். குரு விட்டதைச் சீடர்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

வெளியிலிருந்தே வந்த வியாதியிலும் உள்ளே இருப்பவர்களின் கை இருக்கும். 1918-ம் ஆண்டு இன்ஃப்ளூயன்சா, இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கு மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போயிற்று. அந்தக் காலத்தில் இறந்தவர்களின் நுரையீரல் துணுக்குகள் அமெரிக்காவில் பாதுகாக்கப்பட்டிருந்தன. 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் அவற்றையும் பழைய பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளையும் மறுபடி பார்த்தார்கள். பெரும்பாலானவர்களைக் கடைசியில் முடித்தது, மனிதர்களின் மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகக் காணப்படுகிற பாக்டீரியாக்கள் நுரையீரலில் இறங்கியதுதான் என்று தெரிந்தது. வைரஸ் கதவை உடைத்தது. வாசலில் குடியிருந்தவர்கள் உள்ளே போனார்கள்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு ரகசியம் தெரியும். பாத்திரங்களை நல்லவன், கெட்டவன் என்று இரண்டு பெட்டிகளில் போட்டுவிட்டால் எழுதுகிறவனுக்கும் சுலபம், படிக்கிறவனுக்கும் சுலபம். வில்லன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தால் ஜனங்கள் சீழ்க்கையடிக்கத் தயாராக இருப்பார்கள். இருக்கிற இடமும், நெருக்குகிற சமயமும், திறந்துகிடக்கிற பெட்டியும் சேர்ந்து ஒரு யோக்கியனைத் திருடனாக்குவதை எழுதுவதுதான் கஷ்டம். மனிதனைப் பற்றியே அந்தக் கஷ்டத்தைப் பட விரும்பாதவர்கள் கிருமியைப் பற்றியா படப்போகிறார்கள்?

உள்ளே இருக்கிற கிருமிகள் வியாதிக்குக் காரணமாகலாம் என்று சொன்னால், உடனே எல்லாப் பழியையும் அவற்றின் தலையில் போட்டுவிடுகிற அவசரக்காரர்களும் உண்டு. அவர்களுக்கும் சரித்திரத்தில் ஒரு பாடம் இருக்கிறது. மெட்ச்னிகாஃப் பெரிய மேதை. 1908-ல் நோபல் பரிசு வாங்கியவர். மனிதன் கிழடு தட்டுவதற்கே பெருங்குடலில் அழுகுகிற சரக்கும் அதிலுள்ள கிருமிகளும்தான் காரணம் என்று நம்பி, புளித்த பாலைச் சிபாரிசு செய்தார். அவரோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. புளித்த பால் யாரையும் கொன்றதில்லை. ஆனால் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்து ட்ரென்டன் மனநோய் மருத்துவமனைக்கு 1907 முதல் தலைவராக இருந்த ஹென்றி காட்டன் என்ற டாக்டர் கத்தியைத் தூக்கினார். பைத்தியத்துக்குக் காரணம் பல்லிலும் தொண்டையிலும் குடலிலும் ஒளிந்திருக்கும் கிருமிகளே என்று அவர் தீர்மானித்துவிட்டார். நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். அதிலே தீராவிட்டால் தொண்டைச் சதையை எடுத்தார். அதிலும் தீராவிட்டால் பெருங்குடலை வெட்டினார். 100-க்கு 85 பேர் குணமானதாகப் பறைசாற்றினார். பெருங்குடல் சிகிச்சையில் 100-க்கு சுமார் 30 பேர் மாண்டார்கள் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். அந்த மனிதர் மோசடிக்காரர் அல்லர். தம் பிள்ளைகளின் பற்களையே பிடுங்க வைத்த அளவுக்கு மனப்பூர்வமாக நம்பியவர். நம்பிக்கை எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவு பிணம் விழும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

காட்டன் 1933-ல் இறந்துபோனார். அவருடைய அவசரம் இறக்கவில்லை. சோர்வா, சோகமா, முடி கொட்டுகிறதா, பிள்ளைக்குப் படிப்பு வரவில்லையா, எல்லாவற்றுக்கும் குடல் கிருமிதான் காரணம் என்று சொல்லி, மலத்தை வாங்கிப் பரிசோதித்துப் பட்டியல் போட்டுக் கொடுக்கிற தொழில் இன்று நடக்கிறது. ஒரு வியாதியஸ்தனின் குடலில் ஒரு கிருமி குறைந்திருக்கிறது என்றால், அது குறைந்ததால் வியாதி வந்ததா, வியாதி வந்ததால் அது குறைந்ததா? இதைத் தெரிந்துகொள்ளாமல் மாதம் முழுவதற்கும் மாத்திரை எழுதுவது வைத்தியமாகாது.

இனி, நாம் தினந்தோறும் செய்கிற காரியத்துக்கு வருகிறேன்.

க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்று ஒரு கிருமி. 1935-ல் அதை முதன்முதலாகக் கண்டதும் ஆரோக்கியமான பச்சிளங் குழந்தைகளின் மலத்தில்தான். அந்தக் குழந்தைகளை அது ஒன்றும் செய்யவில்லை. நாற்பது வருஷம் அதை யாரும் பொருட்படுத்தவுமில்லை. 1974-ல் அமெரிக்காவில் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்ட 200 நோயாளிகளை வரிசையாகக் கவனித்தபோது, 100-க்கு 21 பேருக்கு வயிற்றுப்போக்கு. 100-க்கு 10 பேருக்குப் பெருங்குடலின் உட்சுவரில் சீழ்ச்சவ்வு படர்ந்திருந்தது. 1978-ல்தான் உண்மை வெளிப்பட்டது: மருந்து, குடலில் நெருங்கி வாழ்ந்த ஆயிரம் ரகக் குடித்தனங்களைக் காலி செய்துவிட்டது, காலியான தெருவில், மூலையில் முடங்கிக்கிடந்த இந்தக் கிருமி தனிக்காட்டு ராஜாவாகி, விஷத்தைக் கக்கியது. அதைத் துரத்த இன்னொரு ஆன்டிபயாடிக்; அதை நிறுத்தினால் மறுபடியும் அதே கிருமி.

இதற்கு எது மருந்தாயிற்று தெரியுமா? முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள். 1958-லேயே டென்வர் நகரில் பென் ஐஸ்மன் என்ற ரண வைத்தியர், ஆன்டிபயாடிக்குக்குப் பின் கடுமையான குடல் அழற்சி கண்ட 4 பேருக்கு ஆரோக்கியமானவர்களின் மலத்தைக் கரைத்து எனிமா கொடுத்துப் பிழைக்கவைத்தார். 2013-ல் ஹாலந்தில் முறையாகச் சோதித்தார்கள். திரும்பத் திரும்ப இந்த வியாதி வந்தவர்களில், அப்படிச் சிகிச்சை பெற்ற 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமடைந்தார்கள்; வேங்கோமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர்தான். தெருவில் மறுபடி ஜனம் குடியேறியதும் ராஜா மூலைக்குப் போய்விட்டார். அவரை யாரும் கொல்லவில்லை.

ஒரு மாத்திரையால் நம் குடலில் நடப்பது இது. ஒரு நாடு முழுவதும் மாத்திரையைக் கடலைமிட்டாய்போல் தின்றால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2008-ல், டில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடனுக்குத் திரும்பிய இந்திய வம்சாவளியினர் ஒருவரின் சிறுநீரில், மிகக் கடைசியாகப் பயன்படுத்தும் மருந்துகளுக்கும் அடங்காத கிருமி ஒன்று கிடைத்தது. அந்த அடங்காமையைத் தருகிற மரபணுவுக்கு என்.டி.எம்-1 என்று பெயரிட்டு 2009-ல் வெளியிட்டார்கள். 'என்.டி' என்பது நியூ டில்லி. அதே மனிதரின் மலத்திலிருந்த ஈ.கோலியிலும் அதே மரபணு இருந்தது என்பதுதான் என் நெஞ்சில் தைத்த செய்தி. வந்த விருந்தாளி தன் ஆயுதத்தை வீட்டுக்காரனுக்கும் கொடுத்துவிட்டான். 2010-ல் வந்த அடுத்த அறிக்கையில் சென்னையின் பெயரும் இருந்தது; அங்கே 44 மாதிரிகள், ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37.

நாம் என்ன செய்தோம்? பெயருக்காகச் சண்டை போட்டோம். நம் தலைநகரத்தின் மானம் போய்விட்டதாம். நம் மருத்துவமனைகளுக்கு வரும் வெளிநாட்டு நோயாளிகளைத் தடுக்கிற சதியாம். 2011-ல் டில்லித் தெருக்களில் தேங்கிக் கிடந்த நீரில் 171 மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். 51-ல் அந்த மரபணு. குடிநீர்க் குழாய்களில் எடுத்த 50-ல் 2. பெயர் மாறினால் சாக்கடை மணக்குமா? நல்லவேளையாக நம் டாக்டர்களில் விழித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். 2012-ல் சென்னையில் கூடி, இதைக் கட்டுப்படுத்த வழி சொல்லி 'சென்னைப் பிரகடனம்' செய்தார்கள். 2013-ல் அரசாங்கம் எச்-1 என்ற அட்டவணையை அறிவித்து, 2014 மார்ச் முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. அதிலுள்ள ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுதவேண்டும். கோழிகளைக் கொழுக்க வைக்கத் தீவனத்தில் கலந்துவந்த கொலிஸ்டின் என்ற கடைசிக் கட்ட மருந்தை 2019-ல் தடை செய்தது. எல்லாம் சரி. இன்றைக்கும் உங்கள் தெருமுனை மருந்துக் கடையில் போய், "ரெண்டு நாளா சளி" என்று சொல்லிப் பாருங்கள். சட்டம் எந்த அட்டவணையில் தூங்குகிறது என்று தெரியும். ஜலதோஷம் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடக்கூடச் செய்யாது. சளி ஏழு நாளில் தானே போகும். அதற்குள் அந்த இரண்டு நாள் மாத்திரை உள்ளே குடியிருக்கிற சாதுக்களைக் கொன்று, முரடர்களைப் பொறுக்கி வளர்த்துவிட்டிருக்கும். அப்படி வளர்ந்தவை நாளைக்கு யாருடைய ரத்தத்தில் இறங்கும்? உங்கள் வீட்டுப் பிரசவத்தில் எடை குறைந்து பிறந்த சிசுவின் ரத்தத்தில் இறங்கலாம். அப்போது அதற்குக் கொடுக்க மருந்து இருக்காது.

"அதற்குத்தானே ஐயா நல்ல கிருமி விற்கிறோம்?" என்று புட்டிக்காரர் குறுக்கே வருவார். அவருக்கும் பதில் இருக்கிறது. ஹாலந்தில் 15 மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு பரீட்சை செய்தன. கணைய அழற்சி முற்றிய நோயாளிகளுக்கு, உள்ளிருந்து தொற்று பரவாமல் தடுக்கலாம் என்ற நல்லெண்ணத்தில், 6 ரகம் 'நல்ல' கிருமிகளைக் குழாய் வழியாகக் குடலுக்குள் செலுத்தினார்கள். முடிவு 2008-ல் வெளிவந்தது. நல்ல கிருமி பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தார்கள்; வெறும் மாவு பெற்ற 144 பேரில் 9 பேர். தொற்றும் குறையவில்லை. நல்ல கிருமி பெற்றவர்களில் 9 பேருக்கு ரத்தம் ஓடாமல் குடலே செத்துப்போனது. மற்றக் கூட்டத்தில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. தயிர்ச் சட்டியில் குணவானாக இருந்த கிருமி, தவிக்கிற குடலில் பாரமாகிவிட்டது.

இன்னொன்று. உயிர் காக்கிறது என்று மேலே சொன்னேனே, அந்த மலச் சிகிச்சை. 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஒரே மனிதரிடமிருந்து பெற்ற மலம், நோயெதிர்ப்புச் சக்தி குன்றிய இரண்டு பேருக்குச் செலுத்தப்பட்டது. அதிலிருந்த, மருந்துக்கு அடங்காத ஈ.கோலி இருவர் ரத்தத்திலும் கலந்து, ஒருவர் இறந்தார். கொடுத்த மனிதருக்கோ ஒரு குறையும் இல்லை. ஒருவருடைய குடலில் சாதுவாக இருந்த அதே கிருமி, காவல் இல்லாத இன்னொருவர் உடம்பில் எமனாயிற்று.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங் குழந்தைகளைக் கொண்டு ஒரு பரீட்சை நடந்தது. 2017-ல் முடிவு வந்தது. பிறந்த சில நாட்களில், ஒரு குறிப்பிட்ட லாக்டோபாசில்லஸ் ரகத்தை அதற்கு இரையாகும் சர்க்கரையோடு 7 நாள் கொடுத்தார்கள். ரத்தத் தொற்றும் மரணமும் சேர்ந்து 100-க்கு 9 என்றிருந்தது 5.4 ஆயிற்று. இதைப் படித்து நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கவனியுங்கள்: இன்ன ரகம், இன்ன அளவு, இன்ன வயது, இத்தனை நாள். நல்ல எடையோடு பிறந்து தாய்ப்பால் குடிக்கிற சிசுக்களையே அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். 'நண்பர்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதி, தாத்தா முதல் பேரன்வரை எல்லாருக்கும் ஒரே புட்டியை நீட்டவில்லை. நம் பழைய சோற்றுப் பக்தர்களுக்கும் இதையே சொல்கிறேன். பழைய சோற்றைப் பசிக்கும் ருசிக்கும் சாப்பிடுங்கள். சின்ன வெங்காயத்தோடு அதற்கு நிகர் இல்லை. அதைச் சர்வரோக நிவாரணியாக்கி, முன்னோர்கள் அன்றே கண்டார்கள் என்று மார்தட்டவேண்டாம். பழைய சோற்றுக்கு அந்தச் சிபாரிசு தேவையில்லை.

"அப்படியானால் கிருமிக்குப் பயப்படவேண்டுமா, வேண்டாமா? ஆன்டிபயாடிக்கை விட்டுவிடச் சொல்கிறீரா?" என்று கேட்கலாம். விடச் சொல்லவில்லை. நிமோனியாவில் மூச்சு முட்டுகிற பிள்ளைக்கு ஒரு மணி நேரம் தாமதித்துக் கொடுப்பதும் குற்றம்தான். ஜலதோஷப் பிள்ளைக்குக் கொடுப்பதும் குற்றம்தான். இரண்டு குற்றத்துக்கும் வேர் ஒன்று: எதிரில் இருக்கிற நோயாளியைப் பார்க்காமல் கிருமியை மட்டும் பார்ப்பது.

கிருமி என்ன ரகம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், அது எங்கே இருக்கிறது, எந்தச் சுவர் இடிந்து அங்கே போயிற்று, சுவரை இடித்தது யார் என்று கேட்கப் பழகவேண்டும். அப்படிக் கேட்டால் செய்யவேண்டியவை தாமாகவே தெரியும். ஆஸ்பத்திரியில் சிறுநீருக்குச் செருகிய குழாயை, தேவை முடிந்த அன்றே எடுத்துவிடவேண்டும். மறந்து விட்டுவைத்த ஒவ்வொரு நாளும் அது கிருமிக்கு ஏணி. இதய வால்வு பழுதான ஏழைக்குப் பல் வைத்தியம் எட்டுகிற இடத்தில் இருக்கவேண்டும். வேலை செய்கிற பெண்ணுக்குத் தண்ணீரும், கதவு போட்ட கழிவறையும், போய்வர அனுமதியும் வேண்டும். பிரசவ அறையில் தாயைத் தொடுகிற ஒவ்வொரு கையும் கழுவப்பட்டிருக்கவேண்டும். சளிக்கு மாத்திரை கேட்கிறவனுக்கு, "வேண்டாம், வெந்நீர் குடித்துப் படு, மூச்சு முட்டினால் உடனே வா" என்று சொல்கிற டாக்டருக்கு அவன் கோபப்படாமல் கட்டணம் கொடுக்கவேண்டும். இவற்றில் எதையும் புட்டியில் அடைத்து விற்க முடியாது. ஆகவே இவற்றுக்கு விளம்பரமும் வராது.

38 லட்சம் கோடிக் குடித்தனக்காரர்களோடு சாகும்வரை ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகிறோம். அவர்களைத் துரத்தவும் முடியாது, தோளில் கை போட்டுக்கொள்ளவும் முடியாது. அவர்களிடம் அன்பும் இல்லை, துரோகமும் இல்லை. இடம் கிடைத்தால் இருப்பார்கள், வழி கிடைத்தால் போவார்கள். வழியைத் திறந்துவிடுகிறவர்கள் நாம். யோசிக்காமல் சீட்டு எழுதுகிற கையும், சீட்டே இல்லாமல் விற்கிற கையும், கேட்டு வாங்கி விழுங்குகிற கையும், கழிவறைக் கதவைப் பூட்டிச் சாவியை வைத்திருக்கிற கையும் நம்முடையவை. ஒழுக்கம், பொறுப்பு, வெட்கம் என்றெல்லாம் கிருமியிடம் எதிர்பார்த்துப் பயனில்லை. அவை மனிதனிடம் இருக்கவேண்டிய சாமான்கள். அங்கே இருக்கின்றனவா என்று முதலில் தேடிப் பார்ப்போம்.